ரிஜக்ஷன்

எங்கள் பதினோராம் வகுப்பில் முப்பத்தெட்டு பேர். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி அத்தனை பெயரையும் இன்றைக்கும் ஒப்பிப்பேன். ஒரு பெயரை மட்டும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. அவன் என்றே சொல்கிறேன்.

எதைக் கையில் கொடுத்தாலும் அவன் முதலில் கண்ணால் பார்க்க மாட்டான். கவிழ்த்துப் பிடித்துப் பின்பக்கத்தை வலது கைப் பெருவிரலால் மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை தடவுவான். இரண்டாம் முறை தடவி நான் பார்த்ததில்லை. அரையாண்டுத் தேர்வில் இயற்பியல் வினாத்தாளைக் கொடுத்தார்கள். நாங்கள் எல்லோரும் முதல் கேள்வியைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தபோது அவன் தாளைக் கவிழ்த்துத் தடவினான்.

"அச்சு ஒரு பக்கமா அழுந்திக்கிது. அவசரத்துல அடிச்சது. கேள்வியும் அவசரத்துலதான் போட்டிருப்பாங்க" என்று என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தான்.

பன்னிரண்டு கேள்விகள். நான்காவதும் பதினொன்றாவதும் ஒரே கேள்வி. முதல் மாணவனான நான் இரண்டுக்கும் பதில் எழுதினேன். அவன் ஒன்றுக்கு எழுதிவிட்டு மற்றதற்கு எதிரே, 'மேலே காண்க' என்று எழுதினான். இருவருக்கும் ஒரே மதிப்பெண். அரை மணி நேரம் எனக்கு நஷ்டம்.

பள்ளி எதிரே டீக்கடையில் பன் வாங்கினாலும் இதே கதைதான். பன்னைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவுவான். "நேத்து பன்னு. மூணாம் செலக்ஷன்" என்பான். டீக்கடைக்காரர் கும்பிடு போடுவார். "அப்பா சாமி, நீ துன்னலன்னா கூட பரவால்ல, வாயத் தெறக்காத, மத்தவனுங்க துன்னட்டும்."

அவனுடைய நைனா ஆம்பூரில் ஒரு டேனரியில் தரம் பிரிப்பவர். அசார்ட்டர் என்பார்கள். வடக்குப் பார்த்த ஜன்னலோரம் ஒரு பெரிய மேசை. வெயில் நேரே விழாத வெளிச்சத்தில்தான் தோலின் குறை தெரியும். பதனிட்டு உலர்ந்து வந்த தோலை அதன்மேல் விரித்து, தடவி, பின்பக்கத்தில் நீலச் சாக்பீஸால் எண் போடுவார். ஒன்று முதல் ஆறு வரை; செலக்ஷன் என்பார்கள், ஒன்றுதான் உசத்தி. ஆறுக்கும் கீழே போனால் எண் கிடையாது. ஆர் என்ற ஆங்கில எழுத்து மட்டும். ரிஜக்ஷன்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒன்று முதல் ஆறு வரை எண் போட்ட தோல்கள் மெட்ராஸ் போய்க் கப்பலேறிவிடும். அவற்றை யார் காலில் போட்டார்கள், யார் கையில் மாட்டினார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஊரில் தங்குவது ரிஜக்ஷன் மட்டும்தான். எங்கள் செருப்பு, பெல்ட்டு, சைக்கிள் சீட்டு எல்லாம் அதில் செய்தவை. ஆகவே அகராதியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் இருந்தாலும் எங்கள் தெருக்களில் வேறு பொருள் வந்துவிட்டது. வெளியூர் போகாமல் ஊரிலேயே வேலை தேடிக்கொண்ட மகனைக் காட்டி, "இவன் எங்க ரிஜக்ஷன்" என்பார்கள் தாய்மார்கள். சொல்லும்போது கை மகனின் தலைமேல் இருக்கும். பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்ட பெண்ணும் ரிஜக்ஷன்தான். வழக்கமாக வருகிறவருக்கென்று டீக்கடைக்காரர் எடுத்து வைக்கும் கடைசி பன்னும் ரிஜக்ஷன்தான். நமக்கென்று நின்றது என்று அர்த்தம். இதைப் பிறந்த குழந்தைக்குக்கூட யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ஆம்பூரில் பிறந்திருந்தால்.

அவன் சொன்ன தரத்தை மாற்ற மாட்டான். பத்தாம் வகுப்பில் முதலாவதாக வந்ததற்கு எனக்கு ஓர் ஆங்கில அகராதி பரிசு கொடுத்தார்கள். சிவப்பு அட்டை, பொன்னெழுத்து. மேடையிலிருந்து இறங்கிய கையோடு அவனிடம்தான் நீட்டினேன். புத்தகத்தைப் பிரிக்காமல் பின்னட்டையைத் தடவினான்.

"ரெக்ஸின்டா. தோல் இல்ல. அஞ்சு."

"அகராதிக்கு அட்டையாடா முக்கியம்?"

"நீ உள்ள இருக்கிறதக் காட்டலியே. அட்டையத்தான நீட்டின?"

அன்றைக்குச் சாயங்காலம் வரை அவனோடு பேசவில்லை. பிறகு, மூன்று என்றாவது மாற்றிச் சொல்லும்படி கெஞ்சினேன். சிரித்தான். "நேத்து ஒண்ணு, இன்னிக்கி ஒண்ணு சொன்னா, எந்த நாள் பொய் சொன்னேன்னு அப்புறம் தேடணும். பேஜார்டா." அந்த அட்டை நாலு மாதத்தில் உரிய ஆரம்பித்தது. நூற்றுப் பதினெட்டு நாள். அதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

இப்படி ஒருவனோடு ஒரே வகுப்பில் ஐந்து வருடம் படிப்பது சுலபமில்லை. எனக்கு எல்லாவற்றையும் எண்ணத் தெரியும். பள்ளிப் படிகள் பதினான்கு, பெஞ்சுகள் பத்து, ஹெட்மாஸ்டர் ஒரு பாடவேளையில் கண்ணாடியைத் துடைப்பது ஆறு முறை. எண்ணிக்கை என்றால் எல்லோரும் என்னிடம் வருவார்கள். தரம் என்றால் அவனிடம் போவார்கள். இரண்டாவதுதான் பெரியது என்று எனக்கு அப்போதே தெரியும்.

பதினோராம் வகுப்பு முடியப்போகிற சமயம், அந்தப் பதினான்கு படிகளில் ஒன்பதாவதில் உட்கார்ந்து அவனுடைய விண்ணப்பப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். சென்னையில் தோல் தொழில்நுட்பப் படிப்பு. இருபத்திமூன்று கட்டங்கள்.

"எங்க தெருவுல இதுக்கு எவனும் போனதில்லடா" என்றான். "நைனாவுக்குக் கண்ணு மங்கிக்கினு வருது. இன்னும் ரெண்டு மூணு வருஷம் தாங்கும். அப்புறம் அந்த மேசையில நான்தான் நிக்கணும். அதுக்குள்ள படிச்சிட்டு வந்துடணும்."

"அதான் இப்பவே தடவிச் சொல்றியே. படிச்சு இன்னா பண்ணப்போற?"

"உண்ணிக் கடி இருக்குது பாரு, ஆட்டுக்கு உசுரு இருக்கச்ச கடிச்சது. மயிரு மூடிக்கினு இருக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. சுண்ணாம்புத் தொட்டியில எறக்கி மயிர எடுத்தாத்தான் புள்ளி புள்ளியா வரும். அது எங்க இருக்குதுன்னு நைனாவுக்குத் தெரியும். ஏன் ஆறாம நிக்குதுன்னு தெரியாது. அத எனக்குத் தெரிஞ்சிக்கணும்."

பதினேழாவது கட்டம் நன்னடத்தை. 'பள்ளிச் சான்றிதழ் இணைக்கவும், திருப்திகரமாக இல்லையேல் விண்ணப்பம் ஏற்கப்படாது' என்று அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதை நான் அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஆகையால் எனக்குத் தெரியாது என்று பின்னால் சொல்லிக்கொள்ள வழியில்லை.

பிரிவு உபசார விழா மார்ச் மாதம் நடந்தது. பத்தாம் வகுப்புப் பையன்கள் எங்களுக்குக் கேசரியும் மிக்சரும் கொடுத்தார்கள். கடைசி நாளில் ஒருவர் சட்டையில் ஒருவர் மை அடிப்பது பள்ளி வழக்கம். அந்த வருடம் ஹெட்மாஸ்டர் அதைத் தடை செய்தார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் பள்ளிக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கண்டிப்பானவர். ஆனால் எங்கள் முப்பத்தெட்டு பேருக்காகத் தொண்ணூற்று நான்கு காலைகள் ஆறு மணிக்கு வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. அவர் சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டிருக்கிறார் என்று பேச்சு அடிபட்டபோது, அவரிடம் அதிகம் அடி வாங்கியவர்களே அதிகம் வருத்தப்பட்டார்கள்.

அவன் அவரிடம் போய் நின்றான். "சார், மை அடிச்சாத்தான சட்ட வீணாவும்? சாக்பீஸ் தட்டினா போய்டும். நாங்க போறோம்னு எங்களுக்கே நம்பர் போட்டு அனுப்புறோம் சார்."

அவர் சிரித்து அனுமதித்தார்.

நைனாவின் மேசையிலிருந்து நீலச் சாக்பீஸ் கொண்டுவந்திருந்தான். மேடையில் ஹெட்மாஸ்டரும், நடுவில் பள்ளித் தாளாளரும் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளரும் ஒரு டேனரி முதலாளிதான். ஒவ்வொருவனாக மேடைக்கு அழைத்து, முதுகைத் திருப்பச் சொல்லி, கழுத்திலிருந்து இடுப்பு வரை பெருவிரலால் ஒரு தடவை தடவிவிட்டுத் தரம் சொன்னான். சட்டையில் எண் போட்டான்.

ஒல்லியாக ஆறடி வளர்ந்திருந்தவனுக்கு: "நீளம் ஜாஸ்தி, அகலம் கம்மி. பெல்ட்டுக்குத்தான் ஆவும். அஞ்சு."

வகுப்பில் தூங்குகிறவனுக்கு: "தொட்டியில போட்டுட்டு எடுக்க மறந்துட்டாங்க. ஊறிப்போச்சு. ஆறு."

மூன்றாம் முறை பதினோராம் வகுப்பு படித்தவனுக்கு: "மூணு தொட்டி மாத்தி எறக்கியும் பதம் வரல. ஆனா மாட்டுத் தோலு, கிழியாது. ஷூவுக்கு அடியில போட்டா முப்பது வருஷம் நிக்கும். ரெண்டு!" தரம் வாங்கியவனே முதலில் கைதட்டினான்.

கண் கலங்கி நின்ற குண்டுப் பையனுக்கு: "இது இன்னும் காயவே இல்ல சார், வெயில்ல போடுங்க."

தாளாளர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். முப்பத்தாறு பேர் முடிந்தார்கள். ஒன்றாம் நம்பர் அதுவரை யாருக்கும் விழவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மிச்சம் நான் ஒருவன். வகுப்புத் தலைவன், முதல் மாணவன், அவனுடைய படிவத்தை நிரப்பியவன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் முதுகைக் காட்டினேன்.

விரல் இறங்கிய நேரம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது போலத் தோன்றியது.

"மேல் பக்கம் ஏ ஒண்ணு. பளபளன்னு இருக்குது. ஆனா..." என்று நிறுத்தினான். "உண்ணிக் கடி இருக்குது. இப்பத் தெரியாது. சுண்ணாம்புல எறங்கினாத் தெரியும். நாலு."

மண்டபம் அதிர்ந்தது. எனக்குக் கிடைத்த சிரிப்புதான் அன்றைக்கு எல்லாவற்றிலும் பெரியது. அவன் அதை விளையாட்டாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். ஆனால் விளையாட்டாகவும் அவன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அவன் மேடையில் ஹெட்மாஸ்டர் எதிரே போய் நின்றான். கையைக் கட்டிக்கொண்டான். "சாரைத் தொட மாட்டேன். தொடாமலே சொல்றேன். இவரு கப்பல் ஏறக் கூடாது. ரிஜக்ஷன்!" என்று சாக்பீஸை அவர் மேசைமேல் வைத்துக் கும்பிட்டான்.

பையன்கள் பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள். கடைநிலை ஊழியர் வாசலில் நின்று விசிலடித்தார். தாளாளர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹெட்மாஸ்டரின் தோளில் தட்டினார். எங்கள் ஊரில் ஒரு மனிதருக்கு அதைவிட மரியாதை செய்ய முடியாது. அந்த மண்டபத்தில் அது தெரியாதவர் ஒரே ஒருவர். எனக்கு எழுந்த சிரிப்பு இன்னும் அடங்காத இரைச்சலில் அவருக்கு முன்பாதி காதில் விழவில்லை. விழுந்தது கடைசிச் சொல் மட்டும். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழாவது முறை.

மறுநாள் சான்றிதழ் படிவங்கள் எழுத என்னை அலுவலக அறைக்கு வரச் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் எல்லாம் நான் எழுதி வைக்க, நன்னடத்தைக் கட்டத்தை மட்டும் அவர் தன் கையால் நிரப்பிக் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு படிவங்கள். அவை பறக்காமல் இருக்க மேலே அந்த நீலச் சாக்பீஸை வைத்திருந்தார்.

அவனுடைய படிவம் வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"நீ இந்த ஊர்க்காரன்தானே?"

"ஆமா சார்."

"ரிஜக்ஷன்னு சொன்னானே அந்தப் பய. இங்க அதுக்கு வேற ஏதும் அர்த்தம் உண்டா? எனக்கு ஒண்ணும் விளங்கல. தாளாளர் அந்தச் சிரிப்பு சிரிக்காரு. ராத்திரி பூரா யோசிச்சிட்டேன். அவன் அப்படிப் பேசுற பய இல்லையே."

அவர் கேட்டது என் பதிலை அல்ல, தனக்கு ஓர் ஆறுதலை. 'ஆமாம் சார், இருக்கு' என்று ஆரம்பித்திருந்தால் போதும். அன்று காலை என் அம்மா என் சட்டையை இரண்டு முறை சோப்புப் போட்டுத் துவைத்திருந்தாள். சாக்பீஸ் தட்டினால் போய்விடும் என்றானே, போகவில்லை. வியர்வையில் ஊறி, நாலின் கோடு மங்கலாக நின்றுவிட்டது. "இன்னாடா இது நாலு?" என்று அம்மா கேட்டிருந்தாள்.

"அகராதில, நிராகரிக்கப்பட்டதுன்னு இருக்கு சார்" என்றேன்.

"அகராதி எனக்கும் தெரியும்ப்பா. டேனரியில என்ன அர்த்தம்?"

"ஒதுக்கிப் போடறது சார்."

மூன்று சொல். மூன்றும் நிஜம். டேனரியில் அதை ஒதுக்கித்தான் போடுவார்கள். ஒதுக்கிப் போட்டபின் யாருக்காக என்பதை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவர் அவனுடைய படிவத்தை அருகில் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார். மை உலரும்வரை அந்தத் தாளை என் பக்கம் திருப்பியே வைத்திருந்தார். 'திருப்திகரமாக இல்லை.' படிவங்களை எண்ணி அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். முப்பத்தெட்டு சரியாக இருந்தது.

ஜூன் மாதம் ஹெட்மாஸ்டர் சொந்த ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மதிப்பெண் பட்டியல் வாங்க நான் பள்ளிக்குப் போயிருந்த அன்று, அவனும் அவன் நைனாவும் அலுவலக அறை வாசலில் நின்றிருந்தார்கள். முதல் நாள் சென்னைக்குப் போய்விட்டு அன்று காலை ரயிலில் திரும்பியிருந்தார்கள். நான் அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"மார்க்கு ஜாஸ்தியாத்தான் இருக்குதுன்னாங்க. இந்த ஒரு வரியப் பாத்துட்டு பேப்பர மூடிட்டாங்க" என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. வினாத்தாளில் ஒரே கேள்வி இரண்டு முறை வந்ததைச் சொன்ன குரல்தான்.

பொறுப்பிலிருந்த ஆசிரியர் கையை விரித்தார். "எழுதினவரு ஊருக்குப் போய்ட்டாரு. அவரு கையெழுத்துமேல நான் கை வெக்க முடியாதுப்பா."

நைனா அந்தச் சான்றிதழை வாங்கிக் கவிழ்த்துப் பிடித்தார். அவர் பெருவிரலை அப்போதுதான் பார்த்தேன். நகம் தேய்ந்து பாதிதான் இருந்தது. தாளின் பின்பக்கத்தைத் தடவினார். அந்த வரி வந்ததும் விரல் நின்றது.

"ரொம்ப அழுத்தி எழுதிக்கிறாரு. கோவத்துல இல்ல. வருத்தத்துல எழுதினது" என்றார். "யாரோ இன்னாவோ சொல்லிக்கிறாங்கடா."

அறிவிப்புப் பலகையில் இருபத்தாறு பெயர்கள் ஒட்டியிருந்தன. அவர்கள் படியிறங்கிப் போகும்வரை அவற்றை எண்ணினேன்.

நான் வேலூரில் கல்லூரி முடித்தேன். புள்ளிவிவரத் துறையில் வேலை கிடைத்தது. சத்துவாச்சாரியில் குடியிருந்தேன். எண்ணுகிறவனுக்கு ஏற்ற வேலை. கிணறு, ஆடு, தறி, தலை என்று வேலூர் வட்டாரத்தில் நான் எண்ணாதது கொஞ்சம். ஆம்பூர் வழியாக எத்தனையோ முறை போனேன். அவன் நைனாவின் டேனரி கேட்டைத் தாண்டும்போது பேருந்தில் எதிர்ப்பக்கம் பார்ப்பேன். ஒன்பது வருடம் இப்படிப் பார்த்தேன்.

எண்பதுகளின் நடுவில் டேனரிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். பட்டியலில் அந்தப் பெயரும் இருந்தது. வேறு ஆளுக்கு மாற்றிவிடும்படி மேலதிகாரியிடம் கேட்டேன். முடியாது என்றார்.

முதலாளி தொழுகைக்குப் போயிருக்கிறார், உட்காருங்கள் என்று என்னை உள்ளே அனுப்பினார்கள். வடக்கு ஜன்னல். மேசை. அதன் முன்னால் அவன்.

"வாடா. தூண எண்ணிக்கினே வர்றியே, நடையிலயே தெரிஞ்சிது. எத்தினி?"

"பன்னெண்டு."

"பதிமூணு. கதவுக்குப் பின்னால ஒண்ணு இருக்குது" என்று சிரித்தான். இருபத்தைந்து வயதுக்கு முன்நெற்றி ஏறியிருந்தது. பெருவிரல் நகம் தேய ஆரம்பித்திருந்தது.

"நைனா எப்பிடி இருக்காரு?"

"கண்ணு சுத்தமா போய்டுச்சு. வூட்லதான். தட்டுல இட்லி வெச்சாக்கூட திருப்பித் தடவிட்டுத்தான் துன்றாரு. நாலாம் செலக்ஷன்னு எங்கம்மாவ வம்புக்கு இழுப்பாரு."

பேசிக்கொண்டே வேலை செய்தான். தோல் விரியும், விரல் இறங்கும், எண் விழும். ஒரு நிமிடத்துக்கு மூன்று தோல். ஒரு தோலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "இன்னும் தெரியலடா, இது ஏன் ஆற மாட்டேங்குதுன்னு" என்று காட்டினான். சின்னச் சின்னப் புள்ளிகள். நான் அவற்றை எண்ணவில்லை.

"அந்த ஹெட்மாஸ்டரு பாவம்டா" என்றான் திடீரென்று. "அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. தூரத்து ஊருக்காரரு, நம்ம பேச்சு தெரியல. யாரையாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்." கையிலிருந்த தோலை மேசையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "நீதான ஆபீஸ்ல ஒக்காந்து பாரம் எழுதின? உன்னாண்டகூட கேக்கலியா?"

இதற்காகத்தான் ஒன்பது வருடம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போனேன்.

"கேக்கல" என்றேன்.

"அதான் பாரு. கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப."

தலையை ஆட்டினேன். அவன் அடுத்த தோலை எடுக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் அருகில் வந்தான்.

"முப்பத்தேழு பேருடா. ஒருத்தன் இந்தக் கேட்டுக்கு உள்ள வந்ததில்ல. ரோட்ல பாத்தா, மூக்கப் புடிச்சிக்கினே கை ஆட்டிட்டுப் போறானுங்க. நீதான் வந்து ஒக்காந்துக்கிற."

"நான் சர்வேக்கு வந்தேன்."

"எதுக்கு வந்தா இன்னா? வந்த இல்ல?" என் தோளைப் பிடித்துத் திருப்பினான். "அன்னிக்கி உனக்கு நாலு போட்டேன். நைட்டு நைனா திட்டினாரு, படிக்கிற புள்ளைய சபையில அப்பிடிச் சொல்லலாமான்னு. இரு, பாக்கறேன்."

விரல் கழுத்திலிருந்து இடுப்புவரை இறங்கியது. நின்றது. மறுபடியும் மேலே போய் இன்னொரு முறை இறங்கியது. இரண்டாம் முறை. தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். தெரியட்டும் என்றும் நினைத்தேன்.

"தப்பா சொல்லிட்டேன்டா. நான் மாத்தறதே இல்ல. உனக்கு மாத்தறேன்" என்றான். சாக்பீஸ் முதுகில் கோடு இழுப்பது தெரிந்தது. ஒரு நேர்கோடு, ஒரு வளைவு, ஒரு கால். "நீ கப்பலேறிப் போற சரக்கு இல்ல. நம்மூருது. ரிஜக்ஷன். போ."

முதலாளி வந்தார். நாற்பத்தொரு கட்டங்களையும் நிரப்பினேன். தொழிலாளர் எண்ணிக்கைக் கட்டத்தில் அவனும் ஒன்று.

பேருந்தில் நடு இருக்கை கிடைத்தது. மாதனூர் தாண்டும்போது பின்னாலிருந்தவர் முதுகைத் தொட்டார். சோளிங்கருக்கு நேர்ந்துகொண்டு போகிறவர். மடியில் மஞ்சள் பை.

"சார், சட்டையில நீலமா ஏதோ இருக்குது. தட்டி விடட்டுமா?"

"வேணாம்."

"இங்கிலீஷ்ல ஆருன்னு போட்டிருக்குது. உங்க பேரா சார்?"

"இல்ல."

"அப்ப இன்னா அர்த்தம்?"

"ஒதுக்கிப் போடறது சார்" என்றேன்.

அவர் அதை நகைச்சுவை என்று நினைத்து உரக்கச் சிரித்தார். பள்ளிகொண்டா போனது, பொய்கை போனது. வேலூர் வரும்வரை நான் இருக்கையில் சாயவில்லை.